கடைசி வண்டி

மணாலியில் விடுதி முற்றத்து விளக்கின் கீழ் அண்ணன் அந்தக் கித்தான் சுருளை விரித்தார். வரிசையாகத் தைத்த சின்னச் சின்னப் பைகள், பைக்கு ஒரு சாமான். எட்டு நம்பரிலிருந்து இருபத்துநாலு வரை ஸ்பேனர்கள், இரண்டு அளவில் பிளக் ஸ்பேனர், மூன்று டயர் லிவர், கிளட்ச் கேபிள், செயின் லாக் நான்கு, எம்-சீல், உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி ஒரு சுற்று, பாதி தேய்ந்த ஒரு துணிசோப்பு. சோப்பு கை கழுவ அல்ல. பெட்ரோல் டேங்கில் கல் பட்டு ஒழுகினால் அந்த இடத்தில் அழுத்தித் தேய்க்க. பெட்ரோலில் சோப்பு கரையாது. ஊர் போய்ச் சேரும்வரை அடைத்துக்கொண்டு நிற்கும்.

"எண்ணிப் பாத்துக்க கண்ணு. நாளையிலிருந்து நீதான் கடைசி" என்றார்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆறு வருடமாக எங்கள் கூட்டத்தில் கடைசி வண்டி அண்ணனுடையது. மலைப்பாதையில் கூட்டமாகப் போகிறவர்கள் கடைசி வண்டியை ஸ்வீப் என்பார்கள். முன்னால் போகிற யாருக்கு என்ன ஆனாலும் கடைசியில் வருகிறவன் கண்ணில் பட்டே தீரும். அதனால் பெரும்பாலான சாமானும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த கையும் அந்த வண்டியில் இருக்க வேண்டும். ஆறு பேர் கிளப்புகிற புழுதி முழுவதும் அவனுக்குத்தான். முதலில் போய்ச் சேர்வதும் இல்லை, நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பதும் இல்லை. ஆனாலும் எங்கள் கூட்டத்தில் அதைவிடப் பெரிய மரியாதை வேறு கிடையாது. அண்ணனுக்கு அந்த வருடம் மணிக்கட்டு சரியில்லை. வெகுநேரம் ஸ்பேனர் பிடித்தால் வீங்கிக்கொள்ளும்.

ஆவாரம்பாளையத்தில் அவருக்கு லேத் பட்டறை. பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். கோயம்புத்தூரில் அந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: தெருவில் நடந்தால் வெட்டு எண்ணெய் வாசம் மூக்கில் ஏறும், இரும்புச் சீவல் செருப்பில் குத்தும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போது எங்களுக்கு அங்கேதான் பாடம். டயரைக் கழற்றி டியூப் மாற்றுவது, செயின் லாக் போடுவது, கேபிள் கோர்ப்பது. செயின் லாக்கின் கிளிப் மீன் வடிவத்தில் இருக்கும். மீனின் தலை செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், வால் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது பட்டு வால் திறந்து கிளிப் தெறித்துவிடும். இதை ஒரு தடவை சொல்லிவிட்டு, அப்புறம் கண்ணைக் கட்டிவிட்டுப் போடச் சொன்னார். அப்போது அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

நாங்கள் ஏழு பேர். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி. அவனுடைய தாய்மாமன், போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவனுக்கு மாமா என்பதால் எங்கள் எல்லோருக்கும் மாமா. ஈரோட்டில் பல் மருத்துவராக இருக்கும் அக்கா. அண்ணன், நான். வண்டிகளின் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் வடக்கே அனுப்பிவிட்டு, பின்னாலேயே நாங்களும் போயிருந்தோம். பயணம் மணாலியிலிருந்து ஸ்பிதி பள்ளத்தாக்கில் உள்ள காஸா ஊருக்கு. ஜூலை முதல் வாரம்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ரோதாங் கணவாயைச் சுற்றாமல் அடல் சுரங்கப்பாதை வழியாகப் போனோம். 2020-இல் திறந்த சுரங்கம், 9.02 கிலோமீட்டர். இந்தப் பக்கம் நுழையும்போது தேவதாரு மரமும் ஈரமும். அந்தப் பக்கம் வெளியே வந்தால் மொட்டைப் பாறையும் வறண்ட காற்றும். வலது பக்கம் திரும்பிக் கோக்சரில் டீக்கடையில் நின்றோம். மாமா டீயைக்கூடத் தொடாமல் தன் புல்லட்டின் பக்கத்தில் உட்கார்ந்து கார்புரேட்டரைத் திறந்துவிட்டார்.

அது பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 350. மாமாவுக்கும் அந்த வண்டிக்கும் முப்பது வருட உறவு. இந்த மலைகளுக்கும் அந்த வண்டிக்கும் அதைவிடப் பழைய உறவு உண்டு. எல்லைக் காவலுக்கு இராணுவம் புல்லட் கேட்டதை ஒட்டித்தான் 1955-இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. இன்று மலைப்பாதைக்கென்றே வடிவமைத்து 2016-இல் வந்த ஹிமாலயனும் சென்னைப் பக்கத்துத் தயாரிப்புதான். ரோதாங்கைத் தாண்டி எந்த டீக்கடை வாசலில் நின்றாலும் நம் ஊர்ப்பக்கம் பிறந்த வண்டி ஒன்றாவது நிற்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

மாமா கார்புரேட்டரைத் திறந்தது பழுதினால் அல்ல. நாங்கள் மறுநாள் ஏறப்போகிற குன்ஸும் கணவாய் 4,551 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 57 சதவீதம். காற்று மெலிந்துபோகும், ஆனால் கார்புரேட்டர் ஊரில் ஊற்றியதைப் போலவே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். கரும்புகை வரும், பிளக் கரி பிடிக்கும், ஏற்றத்தில் வண்டி திணறி நிற்கும். மாமா ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினார். ஊசி அந்த அளவுக்குக் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். பிறகு மெயின் ஜெட்டைக் கழற்றி, சட்டைப்பையில் தீப்பெட்டிக்குள் வைத்திருந்த சின்ன ஜெட்டைப் போட்டார். எங்கள் வண்டிகளில் சென்சார் இருக்கிறது, இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. ஆனால் மாமா ஜெட்டை மாற்றும்போது ஆறு பேரும் டீ கிளாஸோடு சுற்றி நின்று பார்த்தோம். மலை ஏறினால் எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும் என்பது எனக்குப் புத்தியில் ஏறியது அந்தத் தீப்பெட்டியைப் பார்த்துத்தான்.

கிராம்புவில் தார் முடிந்தது.

அங்கிருந்து பாத்தல் வரை ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சந்திரா ஆற்றின் ஓரமாகவே போகிற பாதை. கையகல உருளைக்கல்லிலிருந்து இட்லிக் குண்டான் அளவுக் கல் வரை பரப்பிவிட்ட மாதிரி ஒரு தடம். நடுநடுவே மலையிலிருந்து இறங்கும் நாலா என்கிற ஓடைகள் பாதையை அறுத்துக்கொண்டு ஆற்றில் விழுகின்றன. இங்கே உட்கார்ந்து ஓட்ட முடியாது. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கைப் பிடித்து, கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். ஹாண்டில்பார் தன் இஷ்டத்துக்கு ஆடும், ஆடவிட வேண்டும். இறுக்கிப் பிடிக்கிறவன் அரை மணி நேரத்தில் களைத்துப்போவான், முதல் பெரிய கல்லில் விழுவான். டயரில் காற்றையும் குறைத்திருந்தோம். காற்று குறைந்தால் டயர் கல்லைத் தழுவிக்கொண்டு போகும். ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பின்னால் வருகிறவர் விளக்கு கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நின்றுவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்தும் வராவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அவ்வளவுதான். கிராம்பு தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது, ஆனால் இந்தச் சட்டம் இருந்தால் போனே வேண்டாம். கடைசி வண்டி நின்றால் ஆறாவது வண்டி நிற்கும், அப்புறம் ஐந்தாவது. கால் மணி நேரத்தில் சேதி முதல் வண்டிக்குப் போய்விடும்.

கடைசியில் வந்தபோதுதான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. ஆறு வருடமாகக் கூட ஓட்டியவர்களின் முதுகை நான் பார்த்ததே இல்லை. பொள்ளாச்சித் தம்பிக்குப் பயம் வந்தால் தோள் காதுவரை ஏறிவிடுகிறது. அக்கா வளைவுக்கு முன்னால் ஒரு தடவை தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்கிறார். மாமா நின்று ஓட்டுவதில்லை, அவருக்குப் பழக்கம் வேறு. ஆனால் கல்லை அவர் தேர்ந்தெடுக்கிற விதத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு தடவைகூட ஹாண்டிலை வெட்டி ஒடிப்பதில்லை. யாருக்குத் தண்ணீர் வேண்டும், யாருக்குக் கை மரத்துவிட்டது என்பதெல்லாம் முதுகில் எழுதியிருக்கிறது. அண்ணன் எப்படி எங்களில் ஒருவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே "நிறுத்துங்க, டீ குடிக்கலாம்" என்பார் என்று ஆறு வருடம் ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

சத்ரு என்ற இடத்துக்கு முன்னால் பொள்ளாச்சித் தம்பியின் வண்டிக்கு அடியில் எண்ணெய்க் கோடு தெரிந்தது. ஹாரன் அடித்து நிறுத்தினேன். கியர் லிவர் கல்லில் மோதி உள்பக்கம் மடங்கி, எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் குத்தி, சின்ன விரல் நுனி நுழைகிற அளவில் ஓட்டை. எண்ணெய் மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. தம்பி பேசாமல் ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு இது முதல் இமயப் பயணம். தென்னைக்கு வெள்ளை ஈ வந்து விளைச்சல் போன வருடத்திலும் விடாமல் சேர்த்து வைத்த காசில் வந்திருந்தான்.

வண்டியை மறுபக்கம் சாய்த்துப் படுக்க வைத்தோம், எண்ணெய் ஓட்டையை விட்டு விலகட்டும் என்று. நான் பெட்ரோல் துணியால் துடைத்து, உப்புத்தாளால் சுரண்டினேன். பிசுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் எம்-சீல் ஒட்டாது. அதன் இரண்டு துண்டையும் பிசைவதற்கு எடுத்தபோது அக்கா கையை நீட்டினார்.

"குடுங்க, இது என்ற வேலை."

பல் அளவு எடுக்க இரண்டு நிறப் பசையை ஒன்றாகப் பிசைவார்களே, தினமும் அதைச் செய்கிற விரல்கள். இரண்டு துண்டும் ஒரே நிறமாகிக் கோடு மறைகிறவரை பிசைந்தார். நடுவில் ஒரு இழை வெளுப்பாக நின்றாலும் அந்த இடம் இறுகாது என்றார். ஓட்டைக்குள் முதலில் கொஞ்சம் அழுத்தி உள்பக்கம் விரியவிட்டு, அதன் மேல் தொப்பி மாதிரி ஒன்று வைத்து, ஓரங்களை எச்சில் தொட்ட விரலால் வழித்துவிட்டார். பல் அடைக்கும்போதும் இப்படித்தான், உள்ளே விரிந்தால்தான் வெளியே வராது என்று சொல்லிக்கொண்டே செய்தார். தம்பி எழுந்து வந்து பார்த்தான். அண்ணன் அவனிடம் மடங்கிய லிவரையும் ஒரு குழாய்த் துண்டையும் கொடுத்து, நீயே நிமிர்த்து என்றார். நிமிர்த்தி முடித்தபோது அவன் தோள் இறங்கியிருந்தது.

பசை இறுகக் குளிரில் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு மலை விலை கேட்டது. நாலாக்களைக் காலையில் கடக்க வேண்டும் என்பது இந்தப் பாதையின் பாலபாடம். இரவெல்லாம் பனிக்கட்டி இறுகிக் கிடக்கும், காலையில் தண்ணீர் கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏறப் பனி உருகும். மதியம் மூன்று மணிக்கு அதே நாலா முழங்காலுக்கு மேல் ஓடும், கல்லையும் உருட்டிக்கொண்டு வரும். உருளும் கல்லின் சத்தம் தண்ணீருக்கு அடியில் கேட்கும். தூரத்து இடி மாதிரி இருக்கும்.

சோட்டா தாரா தாண்டி ஒரு பெரிய நாலா. மணி மூன்றரை. ஒவ்வொருவராக இறங்கி, முதலில் காலால் நடந்து தடம் பார்த்து, முதல் கியரில், ஆக்சிலரேட்டரை விடாமல் கடந்தார்கள். தடுமாறினால் பிடிக்க இருவர் கீழ்ப்புறம் தண்ணீரில் நின்றார்கள். எல்லோரும் கடந்து மேலே ஏறிப் போனபின் நான் இறங்கினேன். அக்கரை ஏறிக் கண்ணாடியைப் பார்த்தபோது எனக்குப் பின்னால் ஒரு விளக்கு.

நான்தானே கடைசி!

யாரோ ஒரு பையன். தனியாக. 150 சிசி சாதாரண வண்டி, கேரளப் பதிவு எண், பின்னால் கயிற்றால் கட்டிய பை. நான் போன தடத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிட்டான். ஆனால் என் வண்டியின் முன்சக்கரம் 21 அங்குலம், அவனுடையது அதைவிடச் சின்னது; நான் ஏறித் தாண்டிய கல்லில் அவன் முட்டி நின்றான். வண்டி சாய்ந்தது. எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது. அவன் வண்டியை நிமிர்த்திப் பதற்றத்தில் செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தினான். 'டக்' என்று ஒரே சத்தம். மறுபடியும் அழுத்தப் போனான்.

வேண்டாம் என்று தமிழில் கத்திக்கொண்டு தண்ணீரில் ஓடினேன்.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த எஞ்சினைக் கட்டாயப்படுத்திச் சுற்ற வைத்தால் பிஸ்டனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது கனெக்டிங் ராட். அது வளைந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். இந்த இடத்தில் அதற்கு அர்த்தம், வண்டியை ஏதாவது ஒரு லாரியில் ஏற்றி மலை இறக்க வேண்டும் என்பது.

இருவரும் தள்ளிக் கரையேற்றினோம். கோழிக்கோட்டுப் பையன், இருபத்திரண்டு வயது. "சேட்டா, வண்டி சத்துப் போயி" என்றான், அழுகிற குரலில். தண்ணீர் பனிக்கட்டியிலிருந்து அப்போதுதான் வந்தது. அவன் உதடு நீலமாக இருந்தது. என் உலர்ந்த கம்பளிச் சட்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டு மேலே பார்த்தேன். யாரும் இல்லை. எங்கள் ஆறு விளக்கும் திருப்பத்தில் மறைந்துவிட்டன. இருட்ட மூன்று மணி நேரம் இருந்தது. பாத்தல் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

ஒரு நிமிடம் யோசித்தேன். அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். இவன் எங்கள் கூட்டம் இல்லை. நான் நின்றால் சட்டப்படி முன்னால் இருக்கிற ஆறு பேரும் நிற்பார்கள். ஏற்கெனவே தாமதம், மாமாவுக்கு வயது அறுபத்தொன்று, குளிர் இறங்குகிறது. ஆறு பேரை நிறுத்தி வைக்க எனக்கு என்ன உரிமை? யோசித்துக்கொண்டே சுருளை அவிழ்த்துவிட்டேன், கை அதன்பாட்டில் பிளக் ஸ்பேனரை எடுத்தது.

பிளக்கைக் கழற்றினேன். இப்போது செல்ஃபை அழுத்து என்றேன். பிளக் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. மறுபடி அழுத்த, மறுபடி தண்ணீர். ஆறேழு தடவைக்குப் பிறகு வெறும் ஆவி மாதிரி வந்தது. முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து சைலன்சரில் இருந்ததை வடித்தோம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி உள்ளே இருந்த தண்ணீரை விட்டேன். ஏர் ஃபில்டர் நனைந்த காகிதமாக இருந்தது, கழற்றி வைத்துவிட்டு அந்த வாயில் மெல்லிய கைக்குட்டையை இரண்டு மடிப்பாகக் கட்டினேன். எண்ணெய் பார்க்கும் குச்சியை எடுத்தால் பால் கலந்த டீ நிறம். எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது. அதோடு ஓட்டினால் உள்ளே எல்லாம் தேயும். மாற்ற வேண்டும், என்னிடம் எண்ணெய் இல்லை.

பிளக்கைத் துடைத்துத் திரும்பப் போடப் போனேன். அங்கேதான் நான் பயந்தேன். விரல்களில் உணர்ச்சியே இல்லை. பிளக் ஏறுகிற மரை அலுமினியத்தில் வெட்டியது, பிளக்கோ எஃகு. கோணலாக ஏற்றி ஒரு சுற்று முறுக்கினாலும் மரை போய்விடும். அப்புறம் இந்த வண்டிக்கு இங்கே வைத்தியம் இல்லை. நேராக உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது, டேங்குக்கு அடியில் இருட்டு.

கண்ணை மூடிக்கொண்டேன். ஆவாரம்பாளையம், ஞாயிற்றுக்கிழமை, கண்ணில் கட்டிய துண்டு. "முதல்ல பின்பக்கமாச் சுத்து கண்ணு. மரை வாய்க்கு வாய் வந்ததும் 'டிக்'குன்னு விழும். அது கைக்குத் தெரியாட்டியும் காதுக்குத் தெரியும். விழுந்த பொறவு முன்னால சுத்து." பின்பக்கமாகச் சுற்றினேன். நாலாவின் இரைச்சலுக்கு நடுவே எதுவும் கேட்கவில்லை. பிளக் ஸ்பேனரின் கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றினேன். 'டிக்'. பல்லில் தெரிந்தது. முன்பக்கம் திருப்ப, வெண்ணெயில் போகிற மாதிரி மூன்று சுற்று போயிற்று.

நிமிர்ந்தபோது மேட்டில் ஒரு விளக்கு இறங்கிக்கொண்டிருந்தது. திருப்பூர்த் தம்பி. அவனுக்குப் பின்னால் அக்கா. பிறகு பொள்ளாச்சிக்காரர்கள், அண்ணன். கடைசியாக, முன்னால் ரொம்ப தூரம் போய்விட்டிருந்த மாமாவின் புல்லட் சத்தம். ஆறு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

"இந்தப் பையன் நம்ம கூட்டம் இல்லீங்ணா. பின்னால தனியா வந்தான்" என்று ஆரம்பித்தேன், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"உனக்குப் பின்னால வந்துட்டான்ல? அப்ப அவந்தான் கடைசி வண்டி. நம்ம வண்டி" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு உடனே எண்ணெய்க் குச்சியைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

மாமா தன் பெட்டியிலிருந்து புல்லட்டுக்கு வைத்திருந்த ஒரு லிட்டரை எடுத்தார். "இந்த வண்டிக்கு இது கெட்டி எண்ணெய்தான். தண்ணி எண்ணெய்க்கு இது எவ்வளவோ மேல். காஸா போய் மாத்திக்கலாம் சாமி." வடித்த எண்ணெயை ஆற்றோரம் ஊற்றவில்லை, காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்து மூடினோம். காஸா வரை அது பொள்ளாச்சித் தம்பியின் பையில் வந்தது.

செல்ஃபை அழுத்தினான். முதலில் இல்லை, இரண்டாவதில் இல்லை. நாலாவது தடவை வெள்ளைப் புகையோடு பிடித்துக்கொண்டது. மாமா எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். டிப்போவில் முப்பத்தைந்து வருடம் பஸ் எஞ்சின்களைக் கேட்ட காது. மேலே, நடுவில், கீழே என்று இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். அந்தப் பையன் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான் நான் அப்படிப்பட்ட முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"ராட் தட்டல. வண்டி நல்லாருக்கு" என்றார் மாமா.

பையன் மாமாவின் காலைத் தொடக் குனிந்தான். மாமா அவன் தோளைப் பிடித்து நிமிர்த்தி, ஆக்சிலரேட்டரை விட்டுவிடாதே, பத்து நிமிடம் அப்படியே ஓடட்டும் என்று தமிழில் சொன்னார். அவனுக்கு எல்லாம் புரிந்தது.

பாத்தல் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கல் சுவரும் தார்ப்பாய்க் கூரையுமாக இருந்த டாபாவில், வெளியே ஆற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ராஜ்மாவும் சோறும் சாப்பிட்டோம். சந்திரா இங்கிருந்து கீழே போய்த் தண்டியில் பாகாவோடு சேர்ந்து செனாப் ஆகிறது. பையன் இப்போது வாய் ஓயாமல் பேசினான். ஷொரணூர்க்காரர் ஹரித் நோவாதான் அவனுக்குத் தெய்வம். 2024 டக்கார் பந்தயத்தில் ராலி-2 பிரிவில் முதலிடம், மொத்தத்தில் பதினொன்றாவது இடம். அதற்கு ஒன்பது வருடம் முன்னால் பெங்களூர் சி.எஸ்.சந்தோஷ் முதல் இந்தியராக அந்தப் பந்தயத்துக்குப் போனதை மாமாவே அறிந்திருந்தார். டக்காரில் மெக்கானிக் யாரும் இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. 80 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே பெட்டிக்குள் ஸ்பேனரும் சின்ன உதிரி சாமானும் அடங்க வேண்டும். பகலெல்லாம் பாலைவனத்தில் ஓட்டிவிட்டு, இரவில் தன் வண்டியைத் தானே பிரித்துக் கோர்க்க வேண்டும். வழியில் அடிபட்டுக் கிடக்கிற போட்டியாளருக்காக ஒருவர் நின்றால், நின்ற நேரம் அவர் கணக்கில் திருப்பித் தரப்படுகிறது. வினாடிக்கு வினாடி கணக்குப் பார்க்கிற பந்தயம் அது. அந்த விதியைப் பற்றி அண்ணன் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

படுக்கும் முன் அண்ணன் டார்ச்சோடு எட்டு வண்டியையும் சுற்றி வந்தார். ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் மெல்லத் தட்டிக் கேட்டார். இறுகிய கம்பி கணீரென்று சொல்லும். தளர்ந்தது மட்டும் மண்பானை மாதிரி மந்தமாகச் சொல்லும். மந்தமாகச் சொன்ன இடத்தில் எல்லாம் டார்ச்சைப் பிடிக்கும் வேலை பையனுக்கு. இரண்டாவது வண்டிக்குப் பிறகு தட்டியது அவன், டார்ச் பிடித்தது அண்ணன்.

மறுநாள் குன்ஸும் ஏறினோம். பன்னிரண்டு கிலோமீட்டர், வளைவு வளைவாக. மாமாவின் புல்லட் கரும்புகை இல்லாமல் ஏறியது. பின்னாலிருந்து அந்தச் சைலன்சரையே பார்த்துக்கொண்டு போனேன். மேலே குன்ஸும் மாதா கோயிலை எல்லா வண்டியும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எட்டு வண்டியும் வரிசையாகச் சுற்றின. கொடிகள் காற்றில் கிழிகிற சத்தம். எதிரே வெயில் பட்ட பனிமலை வரிசை. அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

லோசரில் போலீஸ் சோதனைச் சாவடி. பெயர், வண்டி எண், எங்கிருந்து, எங்கே என்று பெரிய நோட்டில் எழுத வேண்டும். ஒவ்வொருவராக எழுதிவிட்டு டீக்கடைப் பக்கம் போனார்கள். பையனும் எழுதினான், வருகிற ஊர் என்ற இடத்தில் கோழிக்கோடு என்று மலையாளத்தில் எழுதிவிட்டு அடித்து ஆங்கிலத்தில் எழுதினான். கடைசி வரியில் நான்.

பேனாவை வாங்கிக்கொண்டே காவலர் இந்தியில் கேட்டார், பின்னால் யாராவது உண்டா என்று.

இந்தக் கேள்விக்கு அண்ணன் உடனே பதில் சொல்லி நான் ஒருபோதும் பார்த்ததில்லை. எனக்கும் அப்போது சொல்லத் தோன்றவில்லை. வெளியே வந்து, இறங்கி வந்த மலையைத் திரும்பிப் பார்த்தேன். மேலே மூன்றாவது வளைவில் மெல்லப் புழுதி எழுந்துகொண்டிருந்தது. ஒற்றை விளக்கு. ரொம்ப மெதுவாக, நின்று நின்று வந்தது.

"ஒண்ணு வருதுங்க" என்று சொல்லிவிட்டு, சுருளை மடியில் வைத்துக்கொண்டு சாவடி வாசல் கல்லில் உட்கார்ந்தேன்.